நீல நூல் கட்டிய ஜாடி

உப்பில் எதுவும் உயிரோடு இருக்காது என்றுதான் எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன். மீன் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறோம், மாங்காய் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறோம். அந்த உப்புக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, உப்புக் குறைந்தால் செத்துப்போகிற கிருமி ஒன்று உண்டு என்று என் இருபத்தேழாவது வயதில் ஒருவர் சொன்னபோது, என்னைக் கேலி செய்கிறார் என்று எண்ணித் தலை குனிந்துகொண்டேன். இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவர் கேலி செய்யவில்லை.

பினாங்கில் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தை ஒட்டிக் கருவாட்டுக் கிடங்குகள் வரிசையாக இருந்தன. மழைக்காலப் புழுக்கத்தில், அடுக்கி வைத்த கருவாடு திடீரென்று சிவக்கும். முதலில் வெற்றிலைச் சாறு தெறித்த மாதிரி ஒரு புள்ளி. நாலைந்து நாளில் அடுக்கு முழுக்கப் பரவிப் பிசுபிசுத்து நாறும். பாசார்ச் சந்தையில் அதைத் தொட ஆள் இருக்காது. வியாபாரிகள் ஓயாமல் முறையிட்டதில், அரசாங்கம் ஒரு கிடங்கின் மாடியில் இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்து, அந்தச் சிவப்பு என்னவென்று கண்டுபிடிக்க ஓர் ஆளையும் தற்காலிகமாகப் போட்டது.

அந்த ஆள்தான் அவர். தூத்துக்குடிப் பக்கம் பிறந்து மதராசில் படித்தவர். முப்பது வயது இருக்கும். நெற்றியில் காலையில் இட்ட திருநீறு மத்தியானத்துக்குள் வியர்வையில் கரைந்திருக்கும். எனக்கு ஏழாம் வகுப்புவரை கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடப் படிப்பு. ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியதை வாசிக்கத் தெரியும். கண்ணாடிச் சாமான்களைக் கழுவவும், கிருமிக்குத் தீனி காய்ச்சவும் ஒரு பெண் வேண்டும் என்று மடத்தில் கேட்டிருந்தார்கள். கன்னியர்கள் என்னை அனுப்பினார்கள். வீடு இருந்த ஜெலுத்தோங்கிலிருந்து அவ்வளவு தூரம் தினமும் போய்வருவதா என்று அம்மா தயங்கினாள். அப்பா மட்டும், "போகட்டும் விடு. அங்க மீன் நாத்தத்தத் தவிர வேற எதுவும் இவ மேல ஒட்டாது" என்றார்.

எங்களோடு மூன்றாவதாக இருந்தவள் கூட்டிப் பெருக்குகிற அக்கா. எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்தவள்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாய் மட்டும் ஓயாது. கிருமிக்குத் தீனி காய்ச்ச, கடையில் கட்டுக்கட்டாக விற்கும் அகார் அகார் என்கிற கடற்பாசியை வாங்கி வந்து கரைப்போம். அதில் மீன் சாறும் கைநிறைய உப்பும் போட்டுக் கொதிக்கவிடுவோம். அக்கா அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு, இதில் சீனி போட்டிருந்தால் நாலு பிள்ளைகள் தின்று பசியாறியிருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

அக்கா அவரைத் தம்பி என்று கூப்பிட்டாள். அவர் அக்காவை அக்கா என்றார். என்னை, எங்கள் ஊரில் யாரும் கூப்பிடுவது போலத் தங்கச்சி என்றார். அதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நான் பதிலுக்கு அண்ணே என்றிருக்க வேண்டும். முதல் வாரம் வெட்கத்தால் சொல்லவில்லை. அதற்கப்புறம் வேறு காரணத்தால் சொல்லவில்லை. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மேசைக்கு எதிரே போய் நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பேன். சில நாள் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். அது எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஆரம்பத்தில் மைக்ராஸ்கோப் என்கிற அந்தப் பூதக்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. சிவந்த கருவாட்டைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றித் தண்ணீரில் அலசிப் பார்த்தால், வெறும் கறைதான். புத்தகத்தில் சொன்னபடிதானே செய்கிறோம் என்று அவர் பல நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அலசும் தண்ணீரிலும் உப்பைக் கரைக்கச் சொன்னார். அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டுத்தந்தார்.

"தங்கச்சி, பாருங்க. ஓடுது பாருங்க" என்றார்.

சாயம் ஏற்றாத புதுத் துளி ஒன்றை வைத்திருந்தார். மெல்லிய குச்சிகள், நூற்றுக்கணக்கில், நகர்ந்துகொண்டும் திரும்பிக்கொண்டும் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு நல்ல தண்ணீரை விட்டு, எதிர்ப்பக்கம் உறிஞ்சுதாளை வைத்து அதை உள்ளே இழுத்தார். தண்ணீர் பட்டதும் ஓரத்தில் இருந்த குச்சிகள் உப்பின. உருண்டையாயின. பிறகு அந்த இடத்தில் எதுவுமே இல்லை. அலை மாதிரி அது உள்ளே வந்துகொண்டே இருந்தது. நான் கண்ணை எடுத்துவிட்டேன். நாம் குடிக்கிற தண்ணீர் அதற்கு நஞ்சு என்று அவர் சொன்னார். இத்தனை நாளும் அலசி அலசி நாமே கரைத்துக்கொண்டிருந்தோம் என்று சிரித்தார்.

அப்புறம் வந்த மாதங்களில் நாங்கள் செய்ததெல்லாம் காத்திருப்பதுதான். மற்றக் கிருமி ஒரு ராத்திரியில் வளர்ந்துவிடுமாம். இது சிவக்க வாரக்கணக்காகும். ஒரு புள்ளியைக் கம்பி நுனியில் எடுத்து வேறு தட்டில் கோடாக இழுப்பார். அதிலிருந்து தனியாக முளைத்த ஒரு புள்ளியை எடுத்து இன்னொரு தட்டில் இழுப்பார். ஒரே இனம் மட்டும் மிஞ்சும்வரை இதேதான். இப்படிப் பிரித்ததில் பெரும்பாலானவை வெளிர் ரோஜா நிறம். அவற்றை வேறு நாட்டில் யாரோ முன்பே கண்டு எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் பழுத்த மாதுளை முத்தின் நிறத்தில் அடர்ந்து வந்தது. உருவம், நிறம், எவ்வளவு உப்புக் கேட்கிறது, எவ்வளவு சூடு தாங்குகிறது, பாலை என்ன செய்கிறது, ஜெலட்டினை இளக்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் புத்தகங்களோடு ஒப்பிட்டார். எதனோடும் ஒத்துவரவில்லை. இது யாரும் பேர் வைக்காதது என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். அக்கா, அப்படியானால் சீக்கிரம் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றாள். தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகுமே என்றார் அவர்.

வாரம் ஒரு தடவை வேலையைப் பார்வையிட வருகிற வெள்ளைக்காரத் துரைக்குப் பேரைப் பற்றி அக்கறை இல்லை. துரை கேட்டது ஒன்றுதான்: இந்த அடர்சிவப்பு எங்கிருந்து வருகிறது? இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலிலேயே இருக்கிறது என்றால், இங்கேயே வருடக்கணக்கில் ஆராய வேண்டும். அறை இருக்கும், இவர் வேலையும் நிலையாகும். கப்பலில் வருகிற உப்போடு வந்தது என்றால், அந்த உப்பை வாங்காதே என்று வியாபாரிகளுக்குச் சொல்லிவிட்டால் முடிந்தது. அறையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஈஸ்டருக்கு முன்னால் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குத் திரும்பினால் அவருக்கு அங்கே பூதக்கண்ணாடி கிடையாது. மாமா ஒருவர் உப்பு ஆபீசில் அவருக்குக் குமாஸ்தா வேலை பார்த்து வைத்திருந்தார். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னார். அக்கா என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்று ஜாடிகள் வைத்தோம். வேகவைத்த மீன்துண்டுகளை ஒரே அளவாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உப்பு. சயாம் உப்புக்கு மஞ்சள் நூல், தூத்துக்குடி உப்புக்கு வெள்ளை நூல், எங்கள் கடல் உப்புக்கு நீல நூல் என்று ஜாடியின் கழுத்தில் நான் கட்டினேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் நூல்தான் எங்கள் வழக்கம். கடல் உப்பு கடையில் கிடைக்காது. தீவின் மறுபக்கம் பாலிக் புலாவிலிருந்து டின்னில் கடல்நீர் வரவழைத்து, கிடங்கின் மொட்டைமாடியில் அகலமான தட்டுகளில் காயவைத்து நாங்களே எடுத்தோம். பினாங்கு மழையை நம்ப முடியாது. நல்ல வெயில் அடிக்கும்போதே மலைப்பக்கம் இருட்டும். யார் முதலில் பார்த்தாலும் ஓட வேண்டும். தார்ப்பாயின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துத் தட்டுகளின் மேல் இழுப்போம். மழை நிற்கும்வரை மாடிப்படிக் கூரையின் கீழ் ஒதுங்கி நிற்போம். அந்தத் தீவில் அந்த வருடம் மழை பெய்ய வேண்டும் என்று என்னைப் போல வேறு யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

வெள்ளை நூல் ஜாடி முதலில் சிவந்தது, அடர்ந்த சிவப்பு. மஞ்சள் நூலில் வழக்கமான வெளிர் ரோஜா. நீலம் அப்படியே இருந்தது. தவக்காலம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை காலை நான் ஜாடி அலமாரியைத் திறந்தேன். நீல நூல் ஜாடியில், மீனின் முதுகோரம், மாதுளை நிறத்தில் ஒரு புள்ளி.

நான் கூப்பிடவில்லை. மேசைக்கு எதிரே போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, கேட்காமலே எழுந்து ஓடினார். பூதக்கண்ணாடியில் அதே குச்சிகள்தான். அன்று மத்தியானம் அவரே கீழே போய் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பிசாங் கோரேங் ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். மூன்று பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து தின்றோம். துறைமுகத்தில் கப்பல்கள் நின்றன. இனி அவற்றைப் பார்க்க எனக்குப் பயமில்லை என்று இருந்தது. மறுநாளே துரை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடப் போவதாக அவர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அன்னைக்குத் தார்ப்பாய் இழுக்க ஓடி வரலேன்னா இது இல்ல" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். அக்காவும் கவனித்திருக்க வேண்டும், முழங்கையால் என்னை இடித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் சொன்னாள். "தார்ப்பாய் இழுத்துட்டாப் போதுமா? மாதா சும்மா செய்வாளா? நான் கேட்டேன், செஞ்சா."

என்ன கேட்டீர்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அக்கா சேலை முந்தியில் முடிந்திருந்த சின்னத் துணிப் பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினாள். மந்திரித்த உப்பு. இந்தியாவில், அந்தக் கரையில், மாதா கோயிலில் வைத்து மந்திரித்து, கப்பலில் வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தது. புதுவீட்டு வாசலில், பிள்ளை குளிக்கிற தண்ணீரில், சாகக் கிடப்பவர் தலைமாட்டில் எல்லாம் எங்கள் ஆட்கள் ஒரு கிள்ளுப் போடுவார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு.

"நீல நூலு செவந்தாத்தான் தம்பி இங்க இருக்க முடியும்னு பேசிக்கிட்டீங்கல்ல. பெருக்க வர்றப்ப மூடியத் தொறந்து ஒரு கிள்ளு போட்டு, மூணு அருள் நிறை மந்திரம் சொன்னேன். கூடப் போடல தம்பி, ஒரே கிள்ளு."

அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

அவர் கையிலிருந்த பழத்தைத் தாளில் வைத்தார். அந்த உப்பு எந்த ஊர் உப்பு அக்கா என்று கேட்டார். கேட்கத் தேவையே இல்லை. தூத்துக்குடி என்றாள் அக்கா. அவர் சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க ஊரு உப்பு, அக்கா. எங்க வீட்டுக்குப் பக்கத்துல அள்ளுனதாக்கூட இருக்கும்" என்றார்.

அக்காவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சத்தம் போடாமல் அழுதாள். தம்பி யாரிடமும் சொல்ல வேண்டாம், நான் சொன்னதை நானே மறந்துவிடுகிறேன், இந்தப் பிள்ளையும் சொல்லாது என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. "இல்லக்கா. இல்லாத ஊருல இருக்குன்னு எழுதி வச்சா, பின்னாடி தேடுற ஆளு இந்தக் கடலையே கலக்கிக்கிட்டுக் கெடப்பான்" என்றார்.

துரையிடம் போய் ஜாடி கலப்படமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. திரும்ப ஒரு தடவை செய்து பார்க்க ஒரு மாதம் கேட்டார். துரை முனகிக்கொண்டே கொடுத்தார்.

அந்த மாதத்தைப் பற்றி எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். எழுத உட்கார்ந்தால் சொல்லும்படி ஒன்றுமில்லை. திரும்பக் கடல்நீர் வந்தது. திரும்பத் தட்டுகள். புது ஜாடியில் புது நீல நூல் கட்டினேன். இந்தத் தடவை அலமாரிக்குப் பூட்டு. அக்கா அந்தப் பக்கமே போகவில்லை, துடைப்பத்தை வாசலோடு நிறுத்திக்கொண்டாள். மழை பெய்தது. கூரையின் கீழ் நிற்கும்போது அவர் தன் ஊர் உப்பளத்தைப் பற்றிச் சொன்னார். கோடையில் பாத்தித் தண்ணீர் முதலில் ரோஜா நிறமாகி, உப்பு விளையும் சமயத்தில் ரத்தமாகச் சிவக்குமாம். சிறு வயதில் அதில் இறங்கி நின்றால் கால் சிவக்கும் என்று நம்பினாராம். அந்தச் சிவப்பு உயிர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. என் பாட்டனார் காலத்தில் நாங்களும் அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள்தான், நான் பார்த்ததில்லை என்றேன். அவரிடம் நான் பேசியதில் அதுதான் மிக நீளமான பேச்சு என்று நினைக்கிறேன். அவர் நெற்றியில் திருநீறு, என் கழுத்தில் செபமாலை. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேச வேண்டிய இடத்துக்கு நாங்கள் வந்து சேரவில்லை.

ஒருநாள் மழை விட்ட பிறகும் அவர் படியிறங்காமல் நின்றார்.

"உங்களுக்கு என்ன தோணுது? செவக்குமா?"

"செவக்கணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காது சுட்டது.

அவர் தார்ப்பாயிலிருந்து வடிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணும் வேணும்னு நெனச்சுப் பாத்தா, செவப்பு இல்லாத எடத்துலயும் கண்ணு செவப்பக் காட்டும். என் கண்ண நான் இப்ப நம்பல" என்றார். பிறகு, "அன்னைக்கு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்கும் வேண்டும் என்றுதானே இப்போது சொன்னேன், என் கண்ணை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் சொன்னதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த ராத்திரி அம்மா என்ன கேட்டாள், நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒன்றும் நினைவில்லை.

மாதம் முடிந்த நாள் காலை அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் மற்ற அறைக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மீன்துண்டின் மடிப்பு, அடியில் படிந்த உப்பு, ஜாடியின் கழுத்து எல்லாம் பார்த்தேன். ஒரு புள்ளியாவது இருக்காதா என்று பார்த்தேன். உப்பு அரிசிமாவு போல வெள்ளையாக இருந்தது. அறையிலிருந்து என்ன என்று அவர் கேட்கவில்லை. நான்தான் அந்த வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

"வெள்ளையாத்தான் இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் திரும்பவில்லை. "சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்க சொன்னாச் சரிதான்" என்றார்.

பத்து நாளில் அவருக்குக் கப்பல். அன்று வேலை நாள்; நான் அறையில் இருந்தேன், அக்கா மட்டும் துறைமுகத்துக்குப் போனாள். மஞ்சள், வெள்ளை நூல் ஜாடிகளின் கிருமியை உப்பு அகாரில் இழுத்த குழாய்களை, மெழுகால் அடைத்து வைக்கோல் சுற்றிப் பெட்டியில் நான் முந்தின நாளே கட்டிக் கொடுத்திருந்தேன். வழியில் காயாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். ரொம்ப வருடம் கழித்துத் துரை ஆபீசில் வேலை பார்த்த ஒருவர், அது புது இனம்தான் என்று வெளிநாட்டில் ஒத்துக்கொண்டார்களாம், உப்பளத்தின் பேரைச் சேர்த்து லத்தீனில் பேர் வைத்திருக்கிறார்களாம் என்று சொன்னார். அந்தப் பேர் என் வாயில் நுழையவில்லை. அவரைப் பற்றிச் சொன்னவருக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

கப்பல் போன அடுத்த வாரம் அறையை ஒழிக்கச் சொன்னார்கள். நானும் அக்காவும்தான். நான் அலமாரியைத் துடைத்தேன், அவள் தரையைக் கழுவினாள். அத்தனை நேரம் அவள் பேசாமல் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என் மேல கோவமாடி?" என்றாள். "போட்டதுதான் போட்டேன், வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்."

"நீங்க போடலேன்னா அவரு ஈஸ்டருக்கு முந்தியே போயிருப்பாருக்கா. ஒரு மாசம் கூட இருந்தாரு."

அக்கா என்னை நன்றாகப் பார்த்தாள். "ஒரு மாசத்த வச்சுக்கிட்டு நீ என்னடி பண்ணுவ?"

வாளியில் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைத் தரையில் ஊற்றி, அவள் சுவரில் சாய்த்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.